தசை விலை கேட்பதில்லை: வீட்டிலேயே ஓர் உடற்பயிற்சிக்கூடம்

கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் காத்து நின்றான். அவன் கையில் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரம். கம்பிகளும் கப்பிகளும் இரும்புப் பலகைகளும் கொண்ட ஒரு பெரிய உடற்பயிற்சி இயந்திரத்தின் படம் அதில் இருந்தது. தவணை முறையில் தருகிறார்களாம்.

"சார், வீட்டிலேயே ஒரு ஜிம் வைக்கக் குறைந்தது எவ்வளவு பணம் வேண்டும்?" என்று கேட்டான்.

அவன் காவலர் தேர்வுக்கு முயல்பவன். எழுத்துத் தேர்வில் அவனுக்கு அச்சமில்லை. ஓட்டத்திலும் குறையில்லை. கயிறு ஏறும்போதுதான் பாதி வழியிலேயே கை தளர்ந்துவிடுகிறது. அவன் ஊரில் ஜிம் கிடையாது. நகரத்து ஜிம்முக்குப் போனால் மாதக் கட்டணத்தோடு பஸ் செலவும் சேரும். "அம்மா தோட்டைக் கழற்றித் தருகிறேன் என்கிறார்கள், சார். முதல் தவணைக்கு அது போதும்" என்றான்.

"இரண்டு நாள் பொறு" என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவும் ஓர் இயற்பியல் கணக்குத்தானே! அவனுக்குச் சொன்ன விடையையே இங்கு உங்களுக்கும் விளக்குகிறேன். பள்ளியில் படித்த விசை, நெம்புகோல், ஆற்றல் ஆகிய பாடங்களே இதற்குப் போதும்.

தசைக்குத் தெரிந்தது எது?

நம் எலும்புகளோடு இணைந்துள்ள தசைகளுக்கு ஒரே ஒரு வேலைதான் செய்யத் தெரியும். அது இழுப்பது. எந்தத் தசையாலும் தள்ள முடியாது. நின்றுபோன வண்டியை நாம் தள்ளும்போதுகூட, கையை நீட்டுகின்ற தசைகள் எலும்பை இழுக்கத்தான் செய்கின்றன. இவ்வாறு இழுக்கும்போது தசையில் தோன்றும் இழுவிசையே உடற்பயிற்சியின் அடிப்படை. பழகிய அளவைவிடச் சற்று அதிகமான இழுவிசையைத் தசை அடிக்கடி சந்தித்தால், பின்னர் ஓய்வு நேரத்தில் அது தன் இழைகளைத் தடிக்கச் செய்துகொள்கிறது. நரம்புகளும் ஒரே சமயத்தில் அதிகமான இழைகளைத் தூண்டக் கற்றுக்கொள்கின்றன. வலிமை என்று நாம் கூறுவது இவ்விரண்டின் கூட்டுப் பயனாகும்.

அந்த இழுவிசை எந்தப் பொருளால் உண்டாயிற்று என்று தசை ஒருபோதும் கேட்பதில்லை. 10 கிலோகிராம் நிறையைத் தாங்கிப் பிடிக்க 98 நியூட்டன் விசை வேண்டும். அந்த 10 கிலோகிராம் பளபளக்கும் இரும்பாக இருந்தாலென்ன, ஆற்று மணலாக இருந்தாலென்ன? கைக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் இரும்புக்கு ஏன் விலை கொடுக்கிறோம்? அதன் அடர்த்திக்காக. 10 கிலோகிராம் தண்ணீருக்கு 10 லிட்டர் இடம் வேண்டும். அதே நிறையுள்ள உலர்ந்த மணலுக்கு ஏறக்குறைய 6 லிட்டர் போதும். கான்கிரீட்டுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். வார்ப்பிரும்புக்கோ ஏறத்தாழ 1.4 லிட்டர்தான். ஆகவே, இரும்புக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இடச் சுருக்கத்துக்கும் கைக்கு அடக்கமான வடிவத்துக்கும் கொடுப்பது. வலிமைக்குக் கொடுப்பது அன்று.

எனவே எந்தக் கருவியானாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அது போதிய விசையைத் தருமா? அவ்விசையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியுமா? அறுந்தோ நழுவியோ ஆளைக் காயப்படுத்தாமல் இருக்குமா? இனி இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, செலவில்லாத கூடத்திலிருந்து பல்லாயிரம் ரூபாய்க் கூடம் வரை ஏறிப் பார்ப்போம்.

முழங்கையில் ஒரு நெம்புகோல்

அதற்கு முன் நம் உடலுக்குள் இருக்கும் ஒரு வியப்பைக் காண்போம். முன்கையைத் தரைக்குக் கிடையாக நீட்டி உள்ளங்கையில் 5 கிலோகிராம் எடையைப் பிடித்திருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் எடை 49 நியூட்டன். முழங்கை மூட்டு இங்கு ஆதாரப் புள்ளி. அங்கிருந்து உள்ளங்கை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் கையை மடக்கும் இருதலைத் தசையோ மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தொலைவிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. இரு புறத் திருப்புத்திறன்களும் சமமாக இருக்க வேண்டுமாதலால், தசை இழுக்க வேண்டிய விசை 49 × 35 ÷ 4, அதாவது சுமார் 430 நியூட்டன். இது 44 கிலோகிராம் எடைக்குச் சமம்! முன்கையின் சொந்த எடையைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இது நட்டமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தொலைவு விரைவாக நகர்கிறது. விசையை இழந்து வேகத்தைப் பெற்றிருக்கிறோம்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இது: எடையைக் கூட்டாமல், தொலைவைக் கூட்டியே தசையின் சுமையைக் கூட்டலாம். நம் முன்னோர் கர்லாக்கட்டை சுழற்றியதில் இந்த உண்மை அடங்கியிருக்கிறது. 4 கிலோகிராம் கர்லாக்கட்டையின் ஈர்ப்பு மையம் கைப்பிடியிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதைக் கிடையாக நீட்டும்போது மணிக்கட்டைச் சுற்றி ஏறத்தாழ 20 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் ஏற்படும். அதே 4 கிலோகிராம் டம்பெல்லின் ஈர்ப்பு மையம் உள்ளங்கைக்குள்ளேயே இருப்பதால், மணிக்கட்டில் அதற்குத் திருப்புத்திறன் ஏறக்குறைய இல்லை. எடை ஒன்றே, வேலை வேறு.

காசில்லாத கூடம்

நம்மிடம் எப்போதும் இருக்கும் எடை நம் உடலே. தண்டால் எடுக்கும்போது கைகள் எவ்வளவு சுமக்கின்றன தெரியுமா? 165 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோகிராம் நிறையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். தோள் 135 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். கால் விரல்களே ஆதாரப் புள்ளி. ஆகவே கைகளுக்கு வரும் பங்கு 92 ÷ 135. அதாவது உடல் எடையில் 68 சதவீதம், 41 கிலோகிராம். எடை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அதன்மேல் இரு கைகளையும் ஊன்றித் தண்டால் நிலையில் இருந்து பாருங்கள். கணக்குக்கு மிக அருகில் முள் நிற்பதைக் காணலாம்.

41 கிலோகிராம் தொடக்கத்திலேயே அதிகம் என்று தோன்றினால், அதைக் குறைக்கும் வழியும் இலவசமே. தரையைவிட்டுப் படிக்கட்டில் கைகளை ஊன்றுங்கள். உடல் தரையோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்து, கைகள் உடலுக்குச் செங்குத்தாக இருந்தால், சுமை அக்கோணத்தின் கோசைன் மதிப்பால் குறையும். 41 கிலோகிராம் ஏறக்குறைய 35 ஆகும். சுவரில் கைவைத்து 60 பாகையில் சாய்ந்தால் பாதியாகி 20 ஆகும். சுவர், மேசை, நாற்காலி, படி, தரை என்று ஒவ்வொன்றாக இறங்கி வருவது, இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். தரையும் எளிதாகிவிட்டால் கால்களைப் படியில் உயர்த்தி வைக்கலாம். அப்போது தோள்களின் சுமை இன்னும் ஏறும்.

கால்களுக்குப் பஸ்கி எனும் உட்கார்ந்தெழும் பயிற்சி இருக்கிறது. இரு கால்களால் எழும்போது ஒவ்வொரு காலும் பாதி எடையைச் சுமக்கிறது. ஒரு காலைச் சற்று முன்னே வைத்து எடையின் பெரும்பகுதியைப் பின்காலுக்கு மாற்றினால், அக்காலின் சுமை காசு செலவின்றியே கூடிவிடுகிறது. முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டால் மேலும் கூட்டலாம்.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாடிப்படி போதும். 17 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியை 60 கிலோகிராம் நிறையுள்ளவர் ஏறினால், ஈர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 0.17, அதாவது 100 ஜூல். நிமிடத்துக்கு 30 படி ஏறினால் அவருடைய திறன் 50 வாட். பழைய வகை மின்விசிறி ஒன்றைச் சுழற்றவே 75 வாட் வேண்டும்! ஆயினும் 20 நிமிடம் இப்படி ஏறினால் நெற்றி வியர்ப்பது ஏன்? தசை தான் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிறது. உடலைக் குளிர்விக்கவே வியர்வை.

இந்தக் கணக்கு இன்னோர் உண்மையையும் காட்டும். 20 நிமிடத்தில் 600 படி ஏறிய வேலைக்குத் தசைகள் செலவிட்ட ஆற்றல் ஏறத்தாழ 240 கிலோஜூல், அதாவது 57 கிலோகலோரி. ஒன்றிரண்டு இட்லியில் கிடைக்கும் ஆற்றல்தான் இது. உணவைக் கவனிக்காமல் கருவி வாங்கினால் மட்டும் உடல் இளைத்துவிடும் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் தரும் காசில்லாத கூடத்தில் ஒரு குறை உண்டு. தரை நம்மைத் தள்ளும், இழுக்காது. முதுகுத் தசைகளையும் கையை மடக்கும் தசைகளையும் வலுப்படுத்த, மேலே பற்றித் தொங்க ஏதேனும் வேண்டும். கயிறு ஏறும் நம் மாணவனுக்கு வேண்டியதும் இதுதான். ஊர்ப் பள்ளி மைதானத்தில் பார் இருந்தால் அதுவே சிறந்த கருவி. இல்லையேல் உறுதியான புளிய மரக் கிளையும் உதவும். முருங்கைக் கிளையை மட்டும் நம்பக் கூடாது என்பது சிறுவர்களுக்கும் தெரியும்!

பாரில் தொங்கி முகவாயை மேலே கொண்டுவரும் புல்-அப் பயிற்சியில் முழு உடல் எடையையும் கைகள் ஏற்க வேண்டும். 60 கிலோகிராம் ஆளுக்கு இது 588 நியூட்டன். முதல் நாளே இது எல்லோராலும் ஆகாது. இடுப்பு உயரத்தில் உள்ள ஒரு கம்பியைப் பற்றி, குதிகால்களைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து, மார்பைக் கம்பிக்கு இழுத்துப் பழகுங்கள். தண்டாலுக்குச் சொன்ன அதே நெம்புகோல் கணக்கு இங்கும் பொருந்தும். எடையின் ஒரு பங்கைக் கால்கள் ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு சாய்கிறோமோ அவ்வளவு சுமை.

சில நூறு ரூபாயில்

கையில் சில நூறு ரூபாய் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒரு மணல் மூட்டை. உலர்ந்த மணலை 2 கிலோகிராம் பொட்டலங்களாகக் கட்டி, அவற்றைக் கெட்டியான சாக்கினுள் அடுக்கி, அதை மற்றொரு சாக்கினுள் இட்டுத் தைத்த வார்களைக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம். மளிகைக் கடைத் தராசில் பொட்டலங்களை நிறுத்துக்கொண்டால் அளவு சரியாக இருக்கும். 10 கிலோகிராமில் தொடங்கி ஒவ்வொரு பொட்டலமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். சிறிது சிறிதாகக் கூட்டும் வசதியில் இது விலையுயர்ந்த கருவிகளோடு போட்டியிடும்.

தண்ணீர்க் குடமும் நல்ல எடைதான். ஆனால் அரைக்குடம் ஆகாது. நீர் தளும்பும்போது அதன் ஈர்ப்பு மையம் இடம் மாறுகிறது. கை எதிர்பாராத பக்கம் இழுபடும். விளிம்புவரை நிரப்பி மூடிய கேனில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பழைய சைக்கிள் டியூப். சைக்கிள் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதன் இயல்பு எடையின் இயல்பிலிருந்து வேறானது. 10 கிலோகிராம் எடை தூக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 98 நியூட்டனே. ரப்பரோ நீள நீள விசை கூடும். எடை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். ரப்பரை எந்தத் திசையிலும் கட்டி இழுக்கலாம். மாடி வீட்டில் இருப்போருக்குச் சத்தமில்லாத கருவி இது.

ஆனால் ரப்பரிடம் ஓர் அபாயம் உண்டு. 50 சென்டிமீட்டர் இழுத்தபோது விசை 100 நியூட்டன் என்றால், அதில் சேர்ந்துள்ள ஆற்றல் ஏறக்குறைய 25 ஜூல். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் 1 கிலோகிராம் கல்லின் ஆற்றல் இது! வெயிலிலும் காற்றிலும் ரப்பர் நாளடைவில் வெடிப்புவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் டியூபை விரித்துக் கீறல் உண்டா என்று பார்த்தபின்பே இழுக்க வேண்டும். முகத்துக்கு நேராக இழுக்கவே கூடாது. திறக்கக்கூடிய கதவின் கைப்பிடியிலும் கட்டக் கூடாது.

சில ஆயிரம் ரூபாயில்

இப்போது இரும்பு வாங்கலாம். ஒரே எடையாக வார்க்கப்பட்ட டம்பெல்களைப் பல சோடிகள் வாங்குவதைவிட, தட்டுகளை மாற்றி மாட்டக்கூடிய ஒரு சோடி தண்டுகளும் சில தட்டுகளும் வாங்குவது அறிவுடைமை. காரணம் நம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. 5 கிலோகிராமிலிருந்து 10 கிலோகிராமுக்குத் தாவினால் சுமை ஒரேயடியாக 100 சதவீதம் கூடுகிறது. தசையும் மூட்டும் திகைத்துப்போகும். 1.25 கிலோகிராம் தட்டு ஒன்றைச் சேர்த்தால் 25 சதவீதமே கூடும். பெரிய தட்டுகளைவிடச் சிறிய தட்டுகளே முன்னேற்றத்தின் படிக்கட்டுகள். தட்டில் பொறித்த எண்ணை அப்படியே நம்பாமல் ஒருமுறை நிறுத்துக்கொள்வதும், தண்டின் எடையைச் சேர்த்துக் கணக்கிடுவதும் நல்லது.

இரண்டாவதாக வாங்கத் தக்கது ஒரு பார். கதவு நிலையின் இரு பக்கங்களையும் அழுத்தி நிற்கும் வகை ஒன்று உண்டு. ஆணி இல்லை, துளை இல்லை. உராய்வு ஒன்றே அதைத் தாங்குகிறது. 60 கிலோகிராம் ஆள் அசையாமல் தொங்கினால் ஒவ்வொரு முனையும் 294 நியூட்டன் தாங்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.4 என்றால் முனை மரத்தை 735 நியூட்டன் விசையுடன் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வழவழப்பான பெயிண்டிலும் தூசியிலும் அக்குணகம் 0.2 ஆகக் குறைந்துவிட்டால் 1470 நியூட்டன் வேண்டும். திருகு சற்றுத் தளர்ந்தாலும் ஆள் தரையில்தான். எனவே சுவரில் போல்ட்டுகளால் இறுக்கிய பாரே மேலானது.

அப்படி இறுக்கிய பாரும் வெறும் உடல் எடையைத் தாங்கினால் போதாது. அதில் ஒருவர் 60 பாகைவரை ஊசலாடினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது பாரின் மீது இரு மடங்கு எடை விழும். 60 கிலோகிராம் ஆள் 120 கிலோகிராம் ஆகிறார். ஆகவே உடல் எடையைப்போல் நான்கு மடங்காவது தாங்குமாறு அமைப்பதே பாதுகாப்பு. மின்விசிறிக் கொக்கி விசிறிக்காகப் போடப்பட்டது. அதில் தொங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பல்லாயிரம் ரூபாயில்

பணமும் இடமும் தாராளமாக உள்ளவர்கள் நீண்ட தண்டு, பலகை, தண்டைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை வாங்கலாம். போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் தண்டு மட்டுமே 20 கிலோகிராம். பெண்களுக்கானது 15 கிலோகிராம். பலகையில் படுத்துக்கொண்டு எடையைத் தூக்குவோர், சட்டத்தில் காப்புக் கம்பிகள் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். கை தளரும்போது மார்பின்மேல் விழவிருக்கும் தண்டைத் தடுத்து நிறுத்துபவை அவையே. இந்த இடத்தில் பணம் உண்மையிலேயே பாதுகாப்பை வாங்குகிறது. காப்புக் கம்பி இல்லையென்றால், துணைக்கு ஆள் இல்லாமல் அப்பயிற்சியைச் செய்யலாகாது.

மாடித் தரை தாங்குமா என்ற ஐயம் பலருக்கு எழும். இந்தியத் தர விதிகளின்படி குடியிருப்பு அறையின் தரை, சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம் பயன்பாட்டுச் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. ஓரளவு எடையைப் பரப்பி வைத்தால் கவலை இல்லை. கவலை, எடையைத் தொப்பென்று போடுவதில்தான். 20 கிலோகிராம் எடை அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் 98 ஜூல். ரப்பர் விரிப்பு 1 சென்டிமீட்டர் அமுங்கி அதை நிறுத்தினால் சராசரி விசை ஏறத்தாழ 1 டன் எடைக்குச் சமம். விரிப்பின்றி வெறும் ஓடு 1 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 10 டன்! ஓடு உடைவதிலும், கீழ்வீட்டுக்காரர் மேலேறி வருவதிலும் வியப்பென்ன?

கப்பிகளும் கம்பிகளும் கொண்ட இயந்திரங்களை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிணற்றுக் கப்பி போல நிலையாக உள்ள கப்பி, விசையின் திசையை மட்டுமே மாற்றும். எடையோடு சேர்ந்து நகரும் கப்பி விசையைப் பாதியாக்கும். எனவே பலகையில் 40 என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 20 ஆக இருக்கலாம். ஓர் இயந்திரத்தின் எண்ணை மற்றோர் இயந்திரத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் பொருளில்லை. மோட்டாரால் ஓடும் நடைப்பட்டையைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். நடக்கத் தெருவும் மாடிப்படியும் இல்லாதவர்களுக்கும், வெளியே செல்ல இயலாதவர்களுக்கும் அது உதவும். மற்றவர்களுக்கு அதன் வேலையைத் தெரு இலவசமாகச் செய்கிறது.

காசுக்குக் கிடைக்காத கருவி

பண்டைய கிரேக்க மல்வீரன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவன் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கிச் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்ததாம். இது கதைதான். ஆயினும் இதன் கருத்தை 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம் மருத்துவமாக்கினார். போரில் காயமுற்று மெலிந்துபோன வீரர்களின் தசைகளுக்கு லேசான பயிற்சியே தரப்பட்டுவந்த காலம் அது. அவர் கனமான எடையைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் கூட்டினார். வலிமை விரைவாக மீண்டது. 1945-ல் இம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பின்னர் வந்த ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டியுள்ளன. லேசான எடையானாலும், இனி ஒருமுறை இயலாது என்ற நிலையை நெருங்கும்வரை செய்தால் தசை ஏறக்குறைய அதே அளவு தடிக்கிறது. ஒரே மூச்சில் தூக்கும் உச்ச வலிமைக்கு மட்டும் கனமான எடை மேலானது. எளிய கருவியோடு பயிற்சி செய்வோருக்கு இது நல்ல செய்தி அன்றோ? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் செய்தால் நல்லது. இதற்கு வேண்டிய முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். என்ன செய்தோம், எவ்வளவு எடை, எத்தனை முறை என்று எழுதிவந்தால்தான் அடுத்த வாரம் எதைக் கூட்டுவது என்பது தெரியும்.

நான் செய்த பிழை

மலிவாகச் செய்வது வேறு, அரைகுறையாகச் செய்வது வேறு. இதை நான் கற்றது பத்தொன்பதாம் வயதில். இரண்டு பால்பவுடர் டப்பாக்களில் சிமென்ட் கலவையை நிரப்பி, நடுவே வழவழப்பான இரும்புக் குழாயைச் செருகி எடைத்தண்டு செய்தேன். ஒரு மாதம் நன்றாகவே இருந்தது. ஒரு நாள் தலைக்குமேல் தூக்கியபோது தண்டு சற்றுச் சாய்ந்தது. ஒரு டப்பா குழாயிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தது. திண்ணையோரம் விளையாடிக்கொண்டிருந்த அக்காள் மகனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததால் பிழைத்தோம். அக்காள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

காரணம் எளிது. வழவழப்பான குழாயைக் கலவை பிடித்திருந்தது ஒட்டுதலாலும் உராய்வாலும்தான். ஒவ்வொரு அதிர்ச்சியிலும் அப்பிடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒரு பக்கம் விழுந்ததும் மறுபக்கத்தின் திருப்புத்திறனைச் சமன் செய்ய ஒன்றும் இல்லாததால் தண்டு கையை முறுக்கியது. குழாயில் குறுக்கே துளையிட்டு நீண்ட ஆணிகளைச் செருகியபின் கலவை ஊற்றியிருந்தால் இது நேர்ந்திராது. சிக்கனம் எடையில் இருக்கலாம். இணைப்பில் இருக்கக் கூடாது.

முதுகைப் பற்றியும் ஒரு சொல். 20 கிலோகிராம் மூட்டையை உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் குனிந்து தூக்கினால், இடுப்பில் ஏற்படும் திருப்புத்திறன் 78 நியூட்டன்-மீட்டர். முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னே உள்ள தசைகள் அதைச் சமன் செய்ய 160 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். மூட்டையை உடலோடு ஒட்டி 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் இது பாதியாகிறது. முழங்காலை மடக்கி, எடையை அணைத்துத் தூக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். இதய நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

அவன் வாங்கியது

மூன்றாம் நாள் அந்த மாணவனை அழைத்து இக்கணக்குகளைக் காட்டினேன். பிரசுரத்தில் இருந்த இயந்திரத்தில் அவனுக்குத் தேவையானது மேலே பற்றி இழுக்கும் ஒரு கம்பி மட்டுமே என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. அவன் வாங்கியவை ஒரு நீளமான தடித்த கயிறு, இரண்டு சாக்கு, ஒரு நோட்டு. கயிற்றை வீட்டுப் பின்புறப் புளிய மரத்தில் கட்டினான். கிளை தாங்குமா என்று, ஆள் ஏறுமுன் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டுச் சோதித்ததாகச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

சென்ற மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முதல் பக்கத்தில் புல்-அப் என்பதற்கு எதிரே சுழி. கடைசியாக எழுதிய பக்கத்தில் ஏழு. கயிற்றில் உச்சிவரை போய்விடுகிறானாம். உடல் தகுதித் தேர்வு இனிமேல்தான். அதன் முடிவு என்னவாகுமோ, இப்போது சொல்வதற்கில்லை.

அவனுடைய அம்மாவின் தோடு மட்டும் காதிலேயே இருக்கிறது.